கறுப்புப் பொத்தான்

பயத்தில்தான் அந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினேன்.

திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிகளிலும் கல்யாணம், சடங்கு, கோயில் விழா என்று எல்.இ.டி. திரை கட்டி ஓட்டுவது என் பிழைப்பு. திரையைத் தூக்கி நிறுத்துவது, வயர் இழுப்பது எல்லாம் உடம்பு வேலை. அதில் எனக்கு ஒரு கலக்கமும் இல்லை. கேமராவிலிருந்து வருகிற நேரடிப் படம், பெண் மாப்பிள்ளை பெயர், பூக்கொட்டுகிற அலங்காரம், குடும்பத்துப் பழைய வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து, அந்தந்த நிமிடத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் திரையில் ஏற்ற வேண்டும். பயம் அங்கேதான். மடிக்கணினியில் மவுஸைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்துவந்தேன். கூட்டம் பார்க்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் என் விரல் எனக்குச் சொந்தமில்லை.

ஒரு சடங்கு வீட்டில் அந்த விரல் நழுவியது. முந்தின நாள் வேறோர் ஊரில் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஓட்டிய கண்ணீர் அஞ்சலிப் படம் அதே கணினியில் கிடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து நிற்க, மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தின்மேல் கறுப்புக் கட்டமும் மாலையும் தோற்றம் மறைவு தேதிகளும் வந்து விழுந்தன. ஒரு நொடி இருக்கும். எடுத்துவிட்டேன். அதற்குள் பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டார்.

"பச்சப்புள்ள மொகத்துல எழவுப் படத்தப் போடுறியே, நீ வெளங்குவியா?"

விளங்குவேனா என்பது எனக்கும் சந்தேகம்தான். அதற்குப் பிறகு எட்டு மாதம், அந்தத் தெரு வழியாகப் போகக் காரணம் தேடித் தேடிப் போனேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்க்கத்தான். ஒருநாள் தெருமுனையில் தோழிகளோடு நின்று பானிபூரி தின்றுகொண்டிருந்தாள். காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இனி மவுஸ் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விரல். கண்ணை மூடினாலும் கை போய் நிற்கிற மாதிரி ஒரு பெட்டி. கடையில் விற்கிறார்கள்; அது நம் கைக்கு எட்டுகிற சாமான் இல்லை. செய்ய வேண்டியதுதான்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த மொழியிலோ பேசுகிற எவரெவரோ போட்ட வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அவர்கள் கை எங்கே போகிறது என்பது போதும் எனக்கு. கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன போர்டு. அதற்குள் எழுத வேண்டிய கட்டளைகளைக் கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன். எங்கோ ஒரு புள்ளி விட்டுப்போய், அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் வீட்டில் யாரோடும் பேசவில்லை. "அந்த மனுசன் புள்ளி வச்சாத்தான் பேசுவாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

பாட்டுக் கச்சேரியில் சத்தத்தை ஏற்றி இறக்குவார்களே, அந்த மாதிரி நகர்த்துகிற ஸ்லைடர் நான்கு வேண்டும். செத்துப்போன ஒரு பழைய மிக்ஸரிலிருந்து கழற்றினேன். ஸ்லைடரை அடியில் வைத்தால் கணினிக்குப் பூஜ்யம் என்று சொல்லும். அந்தப் படம் திரையில் இருக்காது. மேலே கொண்டுபோனால் நூற்று இருபத்தேழு, அதுதான் உச்சம். படம் முழுசாக நிற்கும். நடுவில் வைத்தால் பாதி தெரிந்தும் தெரியாமலும், இன்னொரு படத்துக்குள் ஊறினாற்போல் இருக்கும். அம்புட்டுதான் சூட்சுமம்.

பெட்டிக்குத் தகரம் வெட்ட நாகல் நகர் பக்கம் ஒரு பீரோ பட்டறைக்குப் போனேன். வெட்டுகிறவர் நான் வரைந்துகொண்டு போன தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, நாலு வாயி. உண்டியலா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

"பின்ன பூட்டு வைக்க எடத்தக் காணோம்? பூட்டுக்குப் பேர்போன நம்ம ஊர்ல செஞ்சிட்டுப் பூட்டு இல்லாமக் குடுத்தா என்னைய அடிப்பாக."

பேச்சுவாக்கில் அந்த நான்கு வாயையும் ஒரு நூல் கூடுதல் அகலமாகவே வெட்டிவிட்டார். ஸ்லைடரைச் சுற்றி நகம் நுழைகிற அளவுக்குச் சந்து தெரிந்தது. பார்த்தேன். பரவாயில்லை என்று நினைத்தேன். எதற்கெடுத்தாலும் நடுங்குகிற நான் அதை மட்டும் ஏன் பரவாயில்லை என்று விட்டேனோ.

இடது பக்க மூலையில், மற்றதைவிடப் பெரிதாக ஒரு பொத்தான் வைத்தேன். அதை அமுக்கினால் திரையில் எதுவுமே இருக்காது. வெறும் கறுப்பு. தப்பான படம் வந்துவிட்டால் யோசிக்கவே கூடாது, கட்டைவிரல் தானாக இறங்க வேண்டும். அதற்காகவே மற்ற பொத்தான்களை எல்லாம் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். பஸ்ஸில் போகும்போதும் சாப்பிடும்போதும் இடது கட்டைவிரலால் தொடையை அமுக்கிப் பழகினேன்.

அந்தச் சமயத்தில்தான் அகரம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வேலை வந்தது. பேச வந்தவர்கள் இரண்டு பேர். பெண்ணின் அம்மா ஒருவர். அவருடைய கொழுந்தனார் ஒருவர். பெண்ணின் அப்பா இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். சம்பங்கித் தோட்டம் வைத்திருந்தவர்.

கொழுந்தனார் கேட்டார்: "ஏம்ப்பா, இப்பல்லாம் செத்தவுகளே வந்து கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்சு போடுறாகளாமே. எங்கண்ணனுக்கும் அப்படி ஒண்ணு செஞ்சிரு. தாலி கட்டி முடிச்சதும் வரணும்."

அந்த அம்மா குறுக்கிட்டார்: "அவுக யாருக்கும் அப்படிக் கையத் தூக்குனதில்ல தம்பி. செஞ்சதெல்லாம் வேணாம். இருக்கிறதப் போடுங்க."

இருந்தது பதினான்கு நொடி. அந்த அம்மா தன் போனில் எடுத்தது. தோட்டத்து வரப்பில் தலையில் துண்டோடு ஒரு மனிதர் நிற்கிறார். நேராக நம்மைப் பார்க்கிறார். "எடுத்துட்டியா?" என்று கேட்கிறார். பதில் வருகிறதா என்று பார்க்கிறார். உதட்டோரத்தில் சிரிப்பு புறப்படுகிறது. அதோடு முடிந்துவிடுகிறது.

பெட்டியைச் சோதிக்க எனக்கு ஒரு வீடியோ தேவைப்பட்டது. கையில் இருந்தது அது. இரண்டாவது ஸ்லைடரில் அதைப் போட்டு, முடிந்ததும் திரும்பத் தொடங்குகிற மாதிரி வைத்தேன். ஒரு மாதம். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தார். எடுத்துட்டியா. எடுத்துட்டியா. சத்தத்தை அணைத்துவிட்டேன், வாய் மட்டும் அசைந்தது. நான் ஸ்லைடரை ஏற்றினால் வருவார், இறக்கினால் போவார். பாதியில் வைத்தால் சுவருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நிற்பார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு தடவையும் வருகிற மாதிரி இருக்கும், வராது.

என் மனைவி அந்தப் பக்கமாகப் போகும்போது சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

"கம்ப்யூட்டரச் சுவத்துப் பக்கம் திருப்பி வைங்க. அடுப்படிக்குப் போனாலும் அந்த மனுசன் கண்ணு கூடவே வருது."

நான் சிரித்தேன். ஆனால் காலையில் மடிக்கணினியைத் திறக்கும்போது என் வாய் "வாங்க" என்று சொல்வதை இரண்டு மூன்று நாளாகவே கவனித்துவந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்ல நேரம் பார்த்துப் பெட்டிக்குப் பூஜை போட்டோம். புது மெஷின் எதையும் பொட்டு வைக்காமல் வெளியே எடுக்க மாட்டேன். மனைவி சந்தனத்தைக் குழைத்துப் பெட்டி நடுவில் மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். எனக்குப் போதவில்லை.

"ஸ்லைடருக்கெல்லாம் தனித்தனியா வை. பொத்தானுக்கும் வை. ஒண்ண விட்டா அது கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்க இது மெசினா, எங்க மாமியாளா?"

சொல்லிக்கொண்டே வைத்தாள். இரண்டாவது ஸ்லைடருக்கு அவள் வைத்தது சின்னதாக இருந்ததென்று நானே ஒரு சிட்டிகை எடுத்து வைத்தேன். கொஞ்சம் சிதறியது. அந்தச் சந்துக்குள் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. வாயால் ஊதினேன். கோடு மறைந்தது. வெளியே வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்தம் காலையில். மண்டபம் திண்டுக்கல்லுக்குள்ளேயே. மேடைக்குப் பக்கத்தில் பத்தடி அகலத்துக்குத் திரை. நான் மண்டபத்தின் நடுவில் மேஜை போட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கேமராக்காரர் என்னோடு பல வருடமாக வேலை செய்கிற பாய். காதில் மாட்டுகிற மைக்கில் பேசிக்கொள்வோம்.

"என்ன மாப்ள, புதுப் பெட்டி. நெத்தி நெறையப் பொட்டு வச்சுப் பொண்ணு மாதிரி கொண்டாந்திருக்க. தாலி அதுக்கா, அங்கயா?"

"பாய், கேமராவப் பாருங்க."

மேடையில் பெண்ணுக்கு அப்பா அம்மா இடத்தில் கொழுந்தனாரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தாரை வார்த்துக் கொடுத்தது அவர்கள்தான். பெண்ணின் அம்மா பின்னால், பந்தி நடக்கிற கூடத்து வாசலில் ஒரு தூணை ஒட்டி நின்றார். புருஷன் இல்லாதவர் மணமேடை ஏறக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அவரை யாரும் போகச் சொன்னதாகத் தெரியவில்லை. வந்தவர்களை எல்லாம் வாசலில் நின்று வரவேற்றார், முகூர்த்த நேரம் நெருங்கியதும் அவராகவே பின்னால் போய்விட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எத்தனையோ கல்யாணத்தில் பார்த்ததுதான்.

கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாய் கேட்டார்: "மாப்ள, பின்னாடி அந்தம்மா தனியா நிக்கிது. ஒரு ஷாட் எடுக்கவா?"

"எடுங்க பாய்."

திரை முழுக்க அவர் முகம் வந்தது. மூன்றாவது நொடியில் அந்த முகத்துக்குள் இன்னொரு முகம் இருந்தது.

இரண்டாவது ஸ்லைடரைப் பார்த்தேன். அடியில்தான் இருந்தது. என் கை அதைத் தொடவில்லை. கணினியில் எண் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று. நாற்பத்தைந்து. நாற்பது. தலையில் துண்டோடு அந்த மனிதர், ஓடுகிற தண்ணீருக்கு அடியில் நிற்பவர் மாதிரி, மனைவியின் தோள் இருக்கவேண்டிய இடத்தில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். வாய் அசைந்தது. எடுத்துட்டியா.

யாரோ ஒருவர் "ஏலே, பெரியவர்டா!" என்று கத்தினார். சாம்பார் வாளியோடு பந்தியிலிருந்து வந்த ஆள் வாளியைக் கீழே வைத்தார். தவில்காரர் திரும்பிப் பார்த்து ஓர் அடியை விட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது. அந்த அம்மா தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார். தன்னையும் புருஷனையும் சேர்த்துப் பார்த்தார்.

மேடையில் கொழுந்தனார் எழுந்துவிட்டார். அழுகிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியாத குரலில் கூப்பிட்டார்.

"மதினி! மேல வாங்க. அண்ணன் வந்து நிக்கிது. நீங்க வாங்க, மேல வாங்க."

அவர் நடந்தார். நாற்காலிகளை யாரோ இழுத்து வழி விட்டார்கள். பாயின் கேமரா அவர் கூடவே வந்தது. அந்த முகமும் கூடவே வந்தது. மேடை ஏறி மகள் பக்கத்தில் போய் நின்றார். தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. கணினியில் எண் பூஜ்யத்துக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது.

இது மொத்தமும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அந்த நேரத்தில் என் இடது கட்டைவிரல் எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தாலி கட்டியபின் போடவேண்டிய வீடியோவை நான் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சாப்பிடாமல் சாமானை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது ஸ்லைடருக்குள், அது உரசி ஓடுகிற தடத்தின் அடியில், சந்தனமும் குங்குமமும் சேர்ந்து காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. நான் ஊதி உள்ளே தள்ளியது. மேளச் சத்தத்தில் தகரம் அதிர, ஸ்லைடரின் அடியிலுள்ள உலோகத் தொடுப்பு அந்தப் பொருக்கின்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. காரணம் கையில் கிடைத்துவிட்டது. நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதே பொருக்கோடு பெட்டியை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் தகரத்தைத் தட்டி, பாட்டை அலற விட்டு எத்தனையோ தடவை பார்த்தேன். எண் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஒன்பது. நாற்பத்தைந்து வரவே இல்லை. ஸ்லைடரைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு வேறொன்று மாட்டினேன்.

செய்தி பரவிவிட்டது. வாரத்துக்கு இரண்டு போன். "எங்க அப்பாவும் அந்த மாதிரி தன்னால வருவாரா?" என்று கேட்பார்கள். ஒருவர் கேட்டார், "எங்க தாத்தாவ வரவைக்கலாமா? ஆனா பாட்டி உக்காந்திருக்கிற பக்கம் காட்டிறாதீக. உசுரோட இருந்தப்பவே பேச்சுவார்த்தை இல்ல." எல்லாருக்கும் முடியாது என்று சொன்னேன். ஏன் முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு முற்பகல், அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் வாழையிலையில் சுற்றிய சம்பங்கி. என் மனைவி நாற்காலி போட்டாள். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அன்னிக்கிருந்து வீட்டுல இருக்காக தம்பி" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. "தோட்டத்துல தண்ணி பாச்சுறப்ப வரப்புல நிக்கிறாக. நான் பேசுறேன். முன்னயெல்லாம் பேசவே விட மாட்டாக, இப்ப நல்லாக் கேட்டுக்கிறாக."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். கல்யாணம் முடிந்து நாலு நாளில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: மேடை ஏறவேண்டும் என்று அவரே வீடியோக்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு புருஷன் முகத்தைத் திரையில் வர வைத்தார் என்று. கொழுந்தனார் அதை நம்பிவிட்டார். கூட்டத்துக்கு முன்னால் தன் வாயால் மதினியைக் கூப்பிட வைத்து ஏமாற்றிவிட்டார்களே என்று அவருக்கு ஆற்றாமை. மாப்பிள்ளை வீடு வரைக்கும் பேச்சு போய்விட்டது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. இப்போதுதான் லீவு கிடைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து.

"அப்பன் எடத்துல இருந்து தாரை வாத்துக் குடுத்தவரு. அவரு வராம நான் எப்படி எம் மகளுக்கு எல போடுவேன்? 'அந்த வீடியோக்காரன் வந்து சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், அப்புறம் உங்க வாசப்படிய மிதிக்கிறேன்'கிறாரு." என் முகத்தைப் பார்த்தார். "நீ ஒண்ணும் பண்ணலல்ல தம்பி? தன்னால வந்ததுதான?"

"நான் பண்ணலக்கா" என்றேன்.

"அதச் சொன்னாப் போதும்" என்று எழுந்தார். அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்.

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "குங்குமத்தச் சொல்ல வேண்டியதுதான? எதுக்கு முழுங்குறீங்க?"

"குங்குமம் மட்டும் இல்ல."

"பின்ன?"

அவளிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு வரைக்கும் அந்தச் சத்தியத்தை மனசுக்குள் விதவிதமாகச் செய்து பார்த்தேன். 'நான் வேண்டுமென்று வரவைக்கவில்லை.' இது உண்மை. சூடத்தை அணைக்கலாம். 'நான் ஒன்றும் செய்யவில்லை.' இதுவும் உண்மைதான், ஆனால் இதைச் சொன்னால் கை வெந்துபோகும் என்று தோன்றியது. பேசாமல் பழனிக்குப் போய் இரண்டு நாள் மலையடிவாரத்தில் கிடந்துவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு பையையும் எடுத்து வைத்தேன். மனைவி அதிலிருந்த சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை, காகிதத்தில் மடித்த அந்த ஸ்லைடரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கில் போனேன். அவர்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே வெஞ்சனம் தாளிக்கிற வாசனை. கொழுந்தனாரும் அவர் மனைவியும் படியேறாமல் பந்தலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள். ஒரு தட்டில் சூடம் ஏற்றி ஸ்டூலில் வைத்தார் அந்த அம்மா.

"ம், சொல்லுப்பா" என்றார் கொழுந்தனார். "எங்க மதினி உன்கிட்ட வந்து இப்படிச் செய்யின்னு சொன்னாகளா, இல்லையா? அதச் சொல்லி அணை."

"அவுக சொல்லலண்ணே. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது." காகிதத்தைப் பிரித்து ஸ்லைடரைக் காட்டினேன். பூஜை போட்டதையும், குங்குமம் உள்ளே போனதையும், தொடுப்பு அதன்மேல் ஏறி முகம் தானாக வந்ததையும் சொன்னேன். எனக்கே என் குரல் தூரத்தில் கேட்டது.

"அப்ப மெசின் கோளாறு."

"முகம் வந்தது மெசின் கோளாறுண்ணே. அது நின்னது என்னால." ஸ்லைடரை மடித்துப் பையில் வைத்தேன். "தப்பா எது வந்தாலும் உடனே நிப்பாட்ட ஒரு பொத்தான் வச்சிருந்தேன். அன்னிக்கு என் கட்டைவிரல் அதுமேலதான் இருந்துச்சு. ஆரம்பத்துல இருந்தே இருந்துச்சு. நான் அமுக்கல."

இதைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். முகூர்த்த நேரத்தில் திரை கறுத்தால் அபசகுனம் என்று பயந்து விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது பொய். அந்த நிமிடத்தில் எனக்குப் பயமே இல்லை. என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு முன்னால் பயமில்லாமல் இருந்த ஒரே நிமிடம் அதுதான்.

"ஏன் அமுக்கல?"

"அக்கா நிமிந்து பாத்தாக. அதுக்கப்புறம் வெரலு எறங்கல."

கொழுந்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாத்தீகளா? வேணும்னே விட்டிருக்கான். எவனோ ஒரு வீடியோக்காரன் என் வாயால கூப்புட வச்சு, ஊருக்கு முன்னால..."

"நீங்கதான கூப்புட்டீக" என்றார் அந்த அம்மா.

சத்தமில்லாமல்தான் சொன்னார்.

"அவுக வாயத் தொறந்து என்னைய வான்னு சொல்லல. இந்தத் தம்பியும் சொல்லல. 'மதினி மேல வாங்க'ன்னு சொன்னது நீங்க. நீங்க கூப்புட்டதுனாலதான் ஏறுனேன். இப்ப எறங்கச் சொல்றீகளா?"

கொழுந்தனார் மனைவி நாற்காலியிலிருந்தே திரும்பினார். "மெசின்ல முகம் வராட்டி நீங்க கூப்புட்டிருப்பீகளா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் புருஷனிடம்.

சூடம் எரிந்து எரிந்து, தட்டில் தானாகவே அணைந்துபோனது. சத்தியம் என்று ஒன்று நடக்கவே இல்லை. கொழுந்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல், "வெயிலு ஏறுது. புள்ளைக எங்க வருதுகன்னு போன் போட்டுக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறி உள்ளே போனார். அவர் மனைவியும் பின்னால் போனார்.

பந்தலில் நானும் அந்த அம்மாவும் மட்டும் நின்றோம்.

"அப்ப அவுக வரல" என்றார்.

"இல்லக்கா."

"கோளாறுதான்."

"ஆமாக்கா."

எனக்கு அந்த நாற்பத்தைந்தைச் சொல்லலாமா என்று வந்தது. வீட்டில் எத்தனை தடவை பார்த்தும் ஒன்பதைத் தாண்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, அல்லது இன்னொரு இருபது வருடம் வரப்பில் நிற்கிறவரோடு பேச வைத்திருக்குமா, தெரியவில்லை. வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். அங்கே சம்பங்கி நின்றது, வரப்பு கிடந்தது, வேறொன்றும் இல்லை.

"மூணு வாரமா வீட்டுல ஒரு நடமாட்டம் இருந்துச்சு தம்பி. இன்னிக்கு நீ வந்து கூட்டிட்டுப் போற."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர் மாதிரி சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டேன்.

அகரத்திலிருந்து திண்டுக்கல் வருகிற வழி முழுக்க உச்சி வெயில். பைக் இழுக்கச் சிரமப்பட்டது. காற்று எதிரே அடித்தது காரணமாக இருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம். இறங்கி அமுக்கிப் பார்த்தேன். டயர் கல்லாக இருந்தது. வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி மெதுவாக ஏற்றி இறக்குவோமோ அப்படித்தான் என் கை ஓட்டியது. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மனைவி கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது. கொழுந்தனாரு உள்ள போயிட்டாரு, விருந்து நடக்குது."

"பின்ன ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

நான் வழிவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றேன். நின்றபிறகுதான் எதற்கு ஒதுங்கினேன் என்று தெரிந்தது. அவள் என்னையும், எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த படியையும் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் ஓர் அடி தள்ளி நின்றாள்.